டேப் ஒட்டிய குமிழ்

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இப்படி முடிகிறது: "மாலை 6.40, பிளாக் மன்றத்தில் பணி ஓய்வுப் பாராட்டு. ஒலிப்பதிவு கிடைக்கவில்லை. காரணம், சவுண்ட் செட்காரரின் கவனக்குறைவு." கடைசி வாக்கியம் தவறு என்று தெரிந்த பிறகும் நான்கு மாதம் அதை அடிக்காமல் வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்றவர் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டியவர். எங்கள் குடியிருப்பு பிளாக் வழக்கப்படி, சால்வை போட்டதும் அவர் மனைவியை மைக் முன் அழைத்தோம். அந்த அம்மாள் அதுவரை மேடை ஏறியதில்லை. வெளிநாட்டிலிருந்து வர முடியாத மகளுக்காகத்தான் பதிவு ஏற்பாடு செய்திருந்தோம்.

சவுண்ட் செட்காரர் பக்கத்து மந்தாரக்குப்பத்துக்காரர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை; விடுமுறை நாளில் இந்தத் தொழில். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் ஒரு குமிழின் மேல் வெள்ளை டேப் ஒட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"இத மட்டும் தொடாதீங்க சார். மத்தது என்னா வேணாலும் சொல்லுங்க, செஞ்சிடலாம்."

"நானும் இதப்பத்தி நாலு புத்தகம் படிச்சிருக்கேன்ப்பா."

"படிச்சவங்க கையிதான் சார் சும்மா இருக்காது" என்று சிரித்தார்.

அந்த அம்மாள் வணக்கம் சொன்னதும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பி வைக்க சவுண்ட் செட்காரர் பின்வரிசைக்கு ஓடினார். மிக்சர் அருகில் நான் மட்டும். டேப் ஒட்டிய குமிழ் 'ஆக்ஸ்' வரிசையில் இருந்தது. மேடையில் இருப்பவர் தன் குரலைக் கேட்பதற்கான பெட்டிக்குத்தான் ஆக்ஸ் என்று படித்திருந்தேன். அன்று மேடையில் அப்படியொரு பெட்டி இல்லை. பிறகு இது எதற்குத் திறந்திருக்கிறது? டேப்பை உரித்து, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, டேப்பை மறுபடி ஒட்டினேன், அவசரத்தில் கொஞ்சம் கோணலாக. ஊளை நின்றது. பெட்டியை அவர் திருப்பியதால் நின்றது. என்னால் என்று நினைத்துக்கொண்டேன்.

அனல் மின் நிலையத்தில் மின்பிரிவில் வேலை பார்த்தவன் நான். பழுது பார்க்கும் ஒருவர் 'தொடாதே' என்று அட்டை மாட்டிய சுவிட்சை, வேலை முடிந்து அவரே லைன் கிளியர் என்ற அனுமதிச் சீட்டைத் திருப்பித் தரும்வரை அதிகாரிகூடத் தொடமாட்டார். அந்த டேப்பும் அப்படிப்பட்ட அட்டைதான். ஒட்டியவர் கான்ட்ராக்ட் ஆள் என்பதால் எனக்கு அது வெறும் டேப்பாகத் தெரிந்தது.

பதிவில் "எல்லாருக்கும் வணக்கம்" என்பதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மன்றக் கமிட்டியில் சவுண்ட் செட்காரரை அழைத்துக் கேட்டார்கள்.

"நான் வெச்சது சரியாத்தாங்க வெச்சேன்."

"அப்ப சத்தத்த காக்கா தூக்கிட்டுப் போச்சா?" என்றார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த விழாவுக்கு வேறு செட் சொன்னோம்.

மறுவாரம், மன்றக் குறிப்பேட்டுக்காக மிக்சருக்குள் குரல் போகும் வழியை வரைந்தேன். மைக்கிலிருந்து வரும் குரல் ஓரிடத்தில் இரண்டாகப் போகிறது. ஒன்று ஸ்பீக்கருக்கு. மற்றது ஆக்ஸ் குமிழ் வழியாக வேறொரு சாக்கெட்டுக்கு. அதில் எதைச் செருகினாலும் அதற்குப் போகும். சுரங்கத்து கன்வேயர் அனல் நிலையத்துக்கும் சேமிப்புக் களத்துக்கும் பிரிவதுபோல. ஆனால் நிலக்கரி பங்கு பிரியும். குரல் இரண்டு பக்கமும் முழுதாகப் போகும். அதனால்தான் ஒரு வழியை நான் அடைத்தது அரங்கில் யாருக்கும் தெரியவில்லை. விழாப் புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். ரெக்கார்டரின் ஒயர் அந்தச் சாக்கெட்டில்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து மந்தாரக்குப்பம் போய் அவரிடம் சொன்னேன். ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லப்பா."

"எனக்கு வேற எடத்துல வேல வந்துகினுதான் இருக்குது. மொதல்ல அங்க சொல்லுங்க."

குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போய்விட்ட அந்த அம்மாளுக்கு அன்று மாலையே போன் செய்தேன். "என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லீங்களே" என்றார். கோபப்படவில்லை.

செயலாளரிடமும் சொல்லிவிட்டு, நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை அடித்து என்னைக் காரணமாக எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: டேப் கோணலாக ஒட்டியிருந்ததை அவர் அன்றே பார்த்தாரா, பார்த்தும் கமிட்டியில் என் பெயரைச் சொல்லாமல் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. இது இன்னும் சரிபார்க்கப்படாதது.