கரைக்குள் போன படப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. எங்கள் தெரு கண்மாய்க்கரையின் அடியிலேயே இருந்தது. கரையும் கரிசல் மண்தான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் போய், சரள் மண் போட்டு வெடிப்பை அடைப்பது வழக்கம். அந்த வருஷம் எல்லோரும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனதில் அது விட்டுப்போனது.

அடைமழையில் கண்மாய் நிரம்பியது. ஒரு நாள் காலையில் கரையின் வெளிப்பக்கம் ஊற்று மாதிரி கலங்கல் தண்ணீர் பொங்கியது. பெண்கள் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பிவிட்டுக் கரைக்கு ஓடினோம். ஆண்கள் கண்மாய்க்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஓட்டை இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டினார்கள். கொட்டக் கொட்டக் கரைந்து போனது.

"வெறும் மண்ணு நிக்காதுல. சோளத்தட்டையும் சேத்து மிதிக்கணும்" என்றார் ஒருவர்.

அவ்வளவு தட்டை பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கரையை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்த ஓர் அம்மாவின் படப்பு, தட்டையை அடுக்கிவைத்த போர். கணவர் இல்லை. ஒரு ஜோடி உழவு மாட்டை வாடகைக்கு விட்டுத்தான் பிழைப்பு. படப்பு அந்த மாடுகளின் தீனி. கண்மாய்க் கருவேல மர ஏலத்தில் வந்த சண்டையில், அந்த அம்மாவோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். அதனால் ஆண்கள் படப்பைப் பார்த்தார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த அம்மாவே வெளியே வந்தார்கள்.

"என்னலே முழிச்சிக்கிட்டு நிக்கீய? எங்கிட்டப் பேசத்தான கூடாது, தட்டையத் தொடவுமா கூடாது? பிரிங்கலே!"

என் கணவர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "மாட்டுக்கு என்ன செய்வீய அத்தை?"

"கரை போச்சுன்னா மாட்டைக் கட்ட ஊரு இருக்குமாய்யா?"

சொல்லிவிட்டு முதல் தட்டைக்கட்டை அவர்களே உருவிப் போட்டார்கள். நாங்கள் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆண்கள் தட்டையும் மண்ணுமாகப் போட்டு மிதித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வெளியே வந்த தண்ணீர் ஒடுங்கி, கலங்கல் போய்த் தெளிவாக வந்தது. இனி மண்ணை அரிக்காது என்று அப்போதுதான் மூச்சு விட்டோம். படப்பு இருந்த இடத்தில் ஈரத்தரைதான் மிஞ்சியது.

அந்த மழையில் வயலில் சோளமும் அழுகிவிட்டது. திருப்பிக் கொடுக்க யார் வீட்டிலும் தட்டை இல்லை. மழைக்கு முளைத்த புல் தீரும்வரை சமாளித்த அந்த அம்மா, பங்குனியில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது கையில் கயிறு மட்டும் இருந்தது. எங்கள் வாசலைக் கடந்துதான் போனார்கள்.

அடுத்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. கூட்டம் போடவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தட்டைக் கட்டுகள் அந்த வீட்டுக்குப் போயின. பழையதைவிடப் பெரிய படப்பாக எழும்பியது. கடைசிக் கட்டை இறக்கிவைத்த பிறகுதான் எல்லோருடைய கண்ணும் காலித் தொழுவத்துக்குப் போயிற்று. ஒருவர் தயங்கித் தயங்கி, "திங்கத்தான் மாடு இல்ல..." என்றார்.

அந்த அம்மா சரிந்திருந்த ஒரு கட்டை நேராக்கிக்கொண்டே, "கெடக்கட்டும். கரைக்கு ஆவும்" என்றார்கள்.

இன்றும் கண்மாய் பெருகிவிட்டது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், நானும் சிரிக்கிறேன். ஆனால் நாங்கள் நிம்மதியாகத் தூங்கும் இந்தத் தெருவை, பேசக்கூடாதென்று நாங்கள் ஒதுக்கிவைத்த ஒருவரின் பிழைப்புதான் உள்ளே கிடந்து தாங்குகிறது என்ற நினைப்பு என்னை விட்டுப் போவதில்லை.