ஊட்டி லைனில் கற்றுக்கொண்ட கோல்ஃப்

1. முதல் நாள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாளே, மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி முதலாளி ஒருவரை விழுப்புரம் மண்டிக்குப் பதிலாக ஒரு பிரசவ டாக்டரின் வீட்டில் சேர்த்துவிட்டேன். "எவ்ளோ இறங்கிச்சு?" என்று இவர் கேட்க, "இன்னும் இறங்கல, காலைல பாக்கலாம்" என்று அந்த டாக்டரம்மா சொல்ல, இரண்டு நிமிடம் இருவரும் சந்தோஷமாகப் பேசினார்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் சண்டை வந்தது.

சூப்பர்வைசர் சரோஜா மேடம் என்னைத் திட்டவில்லை. போர்டைக் காட்டிச் சொன்னார்.

"கை எங்க வேணா இருக்கட்டும் மல்லிகா. கண்ணு மட்டும் ஷட்டர் மேல இருக்கணும். டக்குனு விழுந்தா டக்குனு பாக்கணும்."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருவண்ணாமலையில் அப்போது டயல் கிடையாது. சந்தாதாரர் போனின் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் போர்டில் அவர் எண்ணுக்கு மேலிருக்கும் சின்ன உலோக மூடி 'டக்' என்று விழும். அதுதான் ஷட்டர். உடனே நிமிர்ந்து பார்த்து, இடது கையால் பிளக்கைச் செருகி, வலது கையால் யாருக்கு எந்த ஊர் என்று டிக்கெட் எழுத வேண்டும். மூன்றே மாதத்தில் என் கழுத்து இதைத் தானாகவே செய்யப் பழகிவிட்டது. வீட்டில் டம்ளர் விழுந்தால்கூட அண்ணாந்து பார்ப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

2. ஏழாம் நம்பர் இரும்பு

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த எலினார் என்ற வெள்ளைக்கார அம்மா, சனிக்கிழமை தவறாமல் ஊட்டிக்கு ட்ரங்க் கால் புக் செய்வார். அங்கே அவருடைய தோழி இருந்தார். லைன் வேலூர் போய், கோயம்புத்தூர் போய், அப்புறம்தான் மலை ஏறும். முக்கால் மணி நேரம் ஆகும். லைன் கிடைத்தபின் அந்தத் தோழி போனுக்கு வரும்வரை அந்த முனையில் ஊட்டி ஆபரேட்டரும் இந்த முனையில் நானும் லைனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். அவர் எனக்கு ஊட்டி, நான் அவருக்குத் திருவண்ணாமலை. அவர் பெயர் ராஜன் என்று தெரியவே நாலு மாதம் ஆயிற்று.

"உங்க ஊர் வெள்ளைக்கார அம்மா இங்க இருந்தப்ப தினம் கோல்ஃப் ஆடுவாங்க, தெரியுங்களா?" என்றார் ஒரு நாள்.

"அது இன்னா ஆட்டம்?"

"எங்கப்பா அந்த மைதானத்துல கேடிங்க. ஆடறவங்களோட மட்டைப் பையைத் தூக்கிட்டு கூடவே நடக்கிற வேலை. சாயங்காலம் எல்லாரும் போனதும் நானும் அடிப்பேன்."

எலினாரிடம் விசாரித்தேன். மறு ஞாயிற்றுக்கிழமை என்னை வேங்கிக்கால் ஏரிக்கு அழைத்துப் போனார். கோடையில் ஏரி வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. ஊட்டியிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு மட்டை, ஏழாம் நம்பர் இரும்பு. கூட மூன்று பந்துகள். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றேன். பத்து அடி அடித்திருப்பேன். ஒன்பது தடவை மண்தான் பறந்தது. பத்தாவது அடியில் என்ன நடந்தது என்று தெரியவில்லை, கைக்கு ஒன்றுமே படாத மாதிரி இருந்தது. பந்து எழும்பி, கரைப் பனைமரங்களின் உயரத்துக்குப் போய், நிதானமாக இறங்கியது.

எட்டு மணி நேரம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டி, அடுத்தவர் பேச்சுக்கு வழிவிட்டே பிழைப்பவள் நான். நானாகச் செய்த ஒரு காரியம் அவ்வளவு தூரம் போனதை அன்றுதான் பார்த்தேன். இன்னொரு தடவை அப்படி அடித்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அந்த நிமிடத்தில் பிடித்துக்கொண்டது.

இரண்டு வாரத்தில் எலினார் தம் நாட்டுக்குக் கிளம்பினார். மட்டையையும் பந்துகளையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லித்தர ஆளில்லாமல் ஞாயிறுதோறும் ஏரியில் தனியாகப் போராடினேன். அங்கே ஆடு மேய்க்கும் பச்சையம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா பொண்ணே, பாம்பு கீம்பு பாத்தியா? இந்தப் போடு போடற?"

3. காதால் பார்த்தவர்

எலினார் போனதும் ஊட்டி கால் நின்றுபோனது. ஆனால் காலை ஆறரைக்கு எல்லா ஊர் லைனையும் டெஸ்ட் செய்ய வேண்டும். அது எங்கள் வேலையில் சேர்ந்தது. வேலூர்க்காரி கோயம்புத்தூரைப் பிடித்துத் தருவாள், கோயம்புத்தூர் ஊட்டியைத் தரும்.

"பந்து எழும்பவே மாட்டேங்குது ஊட்டி. தரையோட ஓடுது" என்றேன்.

"அடிக்கற சத்தத்தைக் கேக்கணுமே" என்றார்.

எங்கள் பின்கட்டு ஜன்னலில் லைன்மேன்கள் சோதித்துப் பார்க்கும் போன் ஒன்று இருந்தது. கிணற்றடிச் சுவரில் நாலு கோணிகளைத் தொங்கவிட்டேன். ரிசீவரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, முற்றத்தில் நின்று கோணியைப் பார்த்து அடித்தேன். ஓடிவந்து ரிசீவரை எடுத்தேன்.

"மொதல்ல மண்ணு, அப்புறம் பந்து. பின்னாடி கால்லயே நிக்கறீங்க. எடை இடது காலுக்கு வரணுங்க. பந்துதான் மொதல்ல, மண்ணு அதுக்கு அப்புறம்."

அடுத்த நாள்: "பந்தைத் தூக்கி விடப் பாக்கறீங்க. தூக்க வேண்டாம். கீழ பாத்து அடிங்க, அது தானா எழும்பும்."

அதற்கடுத்த நாள்: "வலது கை ஜாஸ்தி வேலை செய்யுது. அது டிக்கெட் எழுதற கை, அதுக்கு அவசரம். பிளக் குத்தற கை நடத்தட்டும்."

இதையெல்லாம் இருநூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு சொன்னார். சரோஜா மேடம் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கண்ணு தெரியாத கோச்சு, ஊமை மாதிரி ஒரு சிஷ்யை. டெஸ்ட் நேரம் அஞ்சே நிமிஷம், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஆனால் ஒரு குற்றம் மட்டும் போகவில்லை. பந்தின் மண்டையிலேயே மட்டை படும். பந்து தவளை மாதிரி தத்திக்கொண்டு போகும். ராஜன் பத்து நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"தலையத் தூக்கறீங்க. அடி விழறதுக்கு முன்னாடியே தூக்கறீங்க. இது புதுசா ஆடற எல்லாருக்கும் வர்றதுதான். உங்களுக்கு ஏன் இவ்வளவு?"

அப்புறம் அவரே சிரித்தார். "ஷட்டருங்க. நம்ம கழுத்து அப்படி ஆயிப்போச்சு. எனக்கும் இருந்துச்சு."

வைத்தியமும் அவரே சொன்னார். அடித்த பிறகு, பந்து இருந்த இடத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே "ட்ரங்க் புக்கிங், நமஸ்காரம்" என்று, போர்டில் சொல்வதைப் போலவே முழுசாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின்தான் தலையைத் தூக்கலாம்.

பச்சையம்மா என்னை விட்டு இரண்டடி தள்ளி நிற்க ஆரம்பித்தது, ஏரியில் நான் மண்ணுக்கு நமஸ்காரம் சொல்வதைப் பார்த்த பிறகுதான்.

4. அந்தச் சத்தம்

புரட்டாசியில் ஒரு காலை. முற்றத்தில் மழை ஈரம். அடித்தேன். கைக்கு எதுவும் தெரியவில்லை. மண்ணைப் பார்த்து நமஸ்காரம் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால், கோணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ரிசீவரை எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"ஊட்டி? கேக்குதா?"

"கேட்டுச்சுங்க" என்றார் மெதுவாக. "இது போதும். இன்னிக்கு இனிமே அடிக்காதீங்க. இந்தச் சத்தத்தோட இருங்க."

அன்று முழுக்க அந்தச் சத்தத்தோடும் இருந்தேன், அந்தக் குரலோடும் இருந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அவருக்கு ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மாலை டூட்டி. மாலை டூட்டி வாரங்களில் ஊட்டி லைனில் வேறு யாரோ பேசுவார்கள். அந்த வாரங்கள் எனக்கு ஓடாது. முகம் எப்படி இருக்கும், உயரமா, மீசை உண்டா, எதுவும் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. "ஒரு தடவை இங்க வந்து நிஜப் புல்லுல அடிக்கணும் நீங்க" என்பார். "வரணும்" என்பேன். இரண்டு வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

5. தீபத்தன்று

கார்த்திகை தீபத்தன்று எங்களுக்கு லீவு கிடையாது. ஊருக்குள் லட்சம் பேர் வந்து இறங்குவார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போன் பேச வேண்டும். போர்டுக்கு முன்னால் நாலு இருக்கை, பொசிஷன் என்போம்; நாலிலும் ஆள் இருக்கும். டிக்கெட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

அந்த வருடம் மாலை ஐந்தேகாலுக்கு, வெளி ஆட்கள் பூத்தில் பேசப் பதிவு செய்யும் முன்பக்கக் கவுன்ட்டரிலிருந்து வந்த டிக்கெட்டுகளில் ஒன்றைப் பார்த்துக் கை நின்றது. போக வேண்டிய ஊர்: திருவண்ணாமலை எக்ஸ்சேஞ்ச், மூன்றாம் பொசிஷன். பேசுபவர்: ராஜன், ஊட்டி. பூத் எண் இரண்டு.

மூன்றாம் பொசிஷன் நான்தான். இரண்டாம் நம்பர் பூத் எனக்கு முன்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம். பத்தடி தூரம். பிளக்கைச் செருகினேன்.

"திருவண்ணாமலை, கேக்குதுங்களா?"

இவ்வளவு தெளிவாக அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை.

"கேக்குது."

"தீபம் பாக்க வந்தோம். அம்மாவும் வந்திருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அம்மா உங்களைப் பாக்கணும்னு சொன்னாங்க. எனக்கு டெக்னீஷியன் செலக்‌ஷன் ஆயிருக்குங்க. அடுத்த வாரம் டிரெயினிங், வடக்க போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு."

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எதற்காக ஒருவர் தன் தாயை மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வருவார்? போர்டில் ஷட்டர்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"இருங்க. வர்றேன்" என்றேன்.

"எங்க ஊர் ஆளுங்களோட பஸ்ல வந்திருக்கோம். அவங்க கிரிவலம் கிளம்பறாங்க. கொஞ்ச நேரம் நிக்கறோம்."

"வர்றேன்னு சொன்னேனே."

பிளக்கை எடுத்தேன். சரோஜா மேடம் என் பின்னால் நாலடியில் நின்றிருந்தார். கையைத் தூக்கி "மேடம், ரிலீஃப்" என்றால் போதும். ரிலீஃப் எதற்கு என்று கேட்பாரே! ஒருத்தர் வந்திருக்கார் என்று மூன்று பெண்கள் காதுபட எப்படிச் சொல்வது? யார் என்று கேட்டால்? இந்த நாலு கால் போகட்டும், கூட்டம் கம்மி ஆகட்டும், அப்புறம் கேட்கலாம் என்று நினைத்தேன். நாலு கால் போட்டேன். இன்னும் நாலு வந்தது. போட்டேன். கை பாட்டுக்கு ஓடியது. நான் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

ஐந்தே முக்காலுக்குச் சரோஜா மேடமே வந்து தோளைத் தொட்டார். "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? எழுந்திரு, நான் உக்கார்றேன். போய்க் காபி குடி."

ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டாம் நம்பர் பூத்தில் வேறு யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஊட்டியிலேர்ந்து வந்தாரே... அவரு எங்க?" என்று கவுன்ட்டர் கிளார்க்கிடம் கேட்டேன்.

"அந்தம்மாவும் பிள்ளையுமா? ரொம்ப நேரம் இந்தக் கதவையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவங்க ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்பதான், அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எப்படி இருப்பாரு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எல்லாரையும் போலதான்."

தெருவுக்கு வந்தேன். கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எந்த முகத்தைத் தேடுவது? தாயும் மகனுமாக நூறு பேர் போனார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடத் துணிவு வரவில்லை. அதற்குள் ஆறு மணி ஆனது. உச்சியில் தீபம் தெரிந்தது. தெரு முழுக்க ஒரே குரலாக அரோகரா என்றது. எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை குரல்களுக்குள் எனக்குத் தெரிந்த ஒரே குரலைத் தேடினேன். கேட்கவில்லை.

6. சொல்லிவைப்பது

மறு வாரம் ஊட்டி லைனில் ஒரு பெண் வந்தாள். "ராஜன் சார் டிரெயினிங் போயிட்டாருங்க" என்றாள். கடிதம் எழுதியிருக்கலாம். அவர் வேலை பார்த்த ஆபீஸ் முகவரி எனக்கு மனப்பாடம். இன்லேண்ட் லெட்டர் வாங்கி, தேதி மட்டும் எழுதி, மூன்று மாதம் வைத்திருந்தேன். பிறகு வீட்டில் வரன் பார்த்தார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பல வருடம் கழித்துச் சரோஜா மேடத்திடம் அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். ரிட்டயர் ஆகிப் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பேரனைக் கீழே இறக்கிவிட்டார். "அடிப் பைத்தியமே, கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேனா?" என்றார்.

டயல் வந்து போர்டைக் கழற்றும்வரை நானும் சூப்பர்வைசராக இருந்தேன். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் ஒன்றுதான் சொல்வேன்: ரிலீஃப் வேண்டுமென்றால் உடனே கேள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்காதே. இப்போது வேலைக்குப் போகிற உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

தீபத்தன்று அந்த அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு கால் போட்டேன். எல்லாமே அவசரம் என்றுதான் சொன்னார்கள். யார் யாருக்குப் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.