ஏழு ஊரும் காத்த சினைப் பன்றி

உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்த முதல் சித்திரையில், ஏரிக்குக் கீழே இருந்த காலனியின் முனையில் சுகுமாரின் சைக்கிள் பஞ்சரானது. நல்ல வெயில். நாக்கு வறண்டு நின்றார். காஞ்சிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. கேட்டால் தண்ணீர் கிடைக்கும். கேட்கத்தான் வாய் வரவில்லை. பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த சிட்டம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். சொம்பை எடுக்கவில்லை. கை கழுவிக்கொண்டு போய், நாலு நுங்கை அரிவாளால் சீவி, பனையோலையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"கட்டை விரலால நோண்டிக் குடிங்க சார். யார் கையும் படல."

அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தன் கூச்சத்தை அந்த அம்மாள் பிறர் அறியாமல் மூடிவைத்தது, வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் சுகுமாருக்கு உறைத்தது.

சிட்டம்மாளுக்குச் சொந்த நிலம் கிடையாது. நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் கழனியிலேயே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் பன்றி வளர்த்தே கட்டிக்கொடுத்தார். மாரியம்மனுக்கு விளக்கேற்றாமல் ஒருநாளும் பட்டியைத் திறந்ததில்லை.

1978 ஐப்பசியில் பன்றிக் காய்ச்சல் வந்தது. பன்றிகள் தீனி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தன. காதும் அடிவயிறும் சிவந்தன. பின்னங்கால் தள்ளாடி, ஒரு வாரத்தில் சாய்ந்தன. சிட்டம்மாளின் பதினொன்றில் ஒன்பது போயின. மிஞ்சியது ஒரு ஆண் பன்றியும், காது கிழிந்த மூளியும். மூளி சினையாக இருந்தது.

"மொதல்ல எந்த ஊர்ல வந்துதும்மா?" என்று கேட்டார் சுகுமார்.

"இங்கதான் சார். அப்பால மாகறல்ல என் தங்கச்சி அம்முலு வூட்ல. அப்பால என் மூத்த பொண்ணைக் குடுத்த ஊர்ல…" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

அந்தப் பக்கத்துக் காலனிகளில் ஒரு வழக்கம் உண்டு. பன்றி சுணங்கினால், சாவதற்குள் அறுத்து, உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கூறு கறி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் மனத்தாங்கல். கறி கழுவிய தண்ணீர் கழுநீர்ப் பானைக்குப் போகும். பானைத் தண்ணீர் பன்றிக்குப் போகும். கூறு போன வழியிலேதான் நோயும் ஏழு காலனிகளுக்குப் பரவியிருந்தது.

"பாசத்துல அனுப்பிச்சேனே சார். என் தங்கச்சி பட்டிய நானே வாரிக்கினு போய்ட்டேனா?" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பன்னிக்குத்தான் எமன். ஏழு காலனியும் ஒண்ணா நின்னா நிறுத்திடலாம். தடுப்பூசி செய்யிற ராணிப்பேட்டை ஆபீசுக்கு எழுதியிருக்கோம். ஆனா சினைப் பன்னிக்குப் போடக் கூடாது."

"அப்ப என் மூளிக்கு இன்னா காவல்?"

"மத்தவங்க குடுக்கிற வாக்குதான்."

அடுத்த ஞாயிறு பகலில் ஏரி மதகண்டை ஏழு காலனிக்காரர்களும் கூடினார்கள். சிட்டம்மாள் எழுந்தார்.

"உங்களுக்கெல்லாம் சீக்கு அனுப்பினவ நான்தான். வைய்யிறவங்க மொதல்ல வஞ்சிடுங்க. அப்பால பேசலாம்."

பன்னிரண்டு பன்றி பறிகொடுத்த அம்முலுதான் சொன்னாள்: "உன்னை வைய எனக்கு ஒரு நாள் பத்தாதுக்கா. நீ பேசு."

கூட்டம் சிரித்தது. பேச்சு இளகியது. நாற்பது நாளைக்குப் பன்றியைப் பட்டியை விட்டு அவிழ்க்கக் கூடாது. ஊர் விட்டு ஊர் பன்றியோ கறியோ போகக் கூடாது. கழுநீரைக் கொதிக்கவைத்தே ஊற்ற வேண்டும். செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

ஐம்பது பன்றி வைத்திருந்த வீராசாமி சீண்டினார்: "பேசறது சுளுவு. உன் பன்னி சுணங்கினா குழியில போடுவியா, சட்டியில போடுவியா?"

"உன்னிய கூட்டாந்து நிக்க வெச்சித்தான் புதைப்பேன் மாமா. குழியும் நீதான் தோண்டணும்."

கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். மாகறல் அருள்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆண்டவன் சோதிக்காமல் விடுவானா? எட்டாம் நாள் சிட்டம்மாளின் ஆண் பன்றியே தள்ளாடியது. கொழுத்த பன்றி. அவர் வீராசாமிக்கு ஆள் அனுப்பினார். ஒரு தொடைகூட வெளியே எடுக்காமல் முழுப் பன்றியும் சுண்ணாம்போடு குழிக்குள் போனது.

மண்ணைத் தள்ளியபடி, "நான் தமாஷுக்குச் சொன்னேன் சிட்டம்மா," என்றார் வீராசாமி.

"சுண்ணாம்புத் தண்ணில காலைக் கழுவிட்டுப் போ மாமா. உன் பட்டிக்கு எடுத்துக்கினு போவாத."

அன்றிலிருந்து வீராசாமிதான் முதல் காவல்காரர். தன் பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்கு வெளியூரிலிருந்து கூறு கொண்டுவந்த சம்பந்தியையே அவர் பஸ்ஸை விட்டு இறங்கவிடவில்லை. "கோவமா இருந்தா நாப்பது நாள் கழிச்சி வந்து கோச்சிக்கோ சம்பந்தி!" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

மார்கழி பிறந்ததும் ஐஸ் பிளாஸ்க்கில் மருந்து வந்தது. கரைத்துவிட்டால் ஐஸ் உருகுவதற்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பன்றிகளை ஓரிடத்தில் சேர்க்கவும் முடியாது, நோய் சேர்ந்துவிடும். அதனால் டாக்டரும் சுகுமாரும் ஊர் ஊராக ஜீப்பில் போனார்கள். வீராசாமி சைக்கிளில் முன்னே பறந்து, "வராங்க, கட்டுங்க!" என்று கூவினார். போன இடமெல்லாம் பெண்கள் பன்றிகளைக் கயிறு போட்டுப் பிடித்துத் தயாராக நின்றார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பன்றிகள். கடைசிப் பன்றிக்கு ஊசி இறங்கும்போது பிளாஸ்க்கில் நெல்லிக்காய் அளவு ஐஸ் மிச்சமிருந்தது.

ஏழு ஊரிலும் சினையாக மிஞ்சி, ஊசி போடாமல் நின்றது மூளி ஒன்றுதான். சிட்டம்மாள் தினமும் அதன் காதைத் தடவிப் பார்த்து, "எல்லார் மனசையும் நேரா வெய்யி தாயே," என்று மாரியம்மனைக் கும்பிட்டார்.

நாற்பது நாள் முடிந்தது. சிட்டம்மாளின் ஆண் பன்றிக்குப் பிறகு ஏழு ஊரிலும் ஒரு பன்றிகூடச் சுணங்கவில்லை. தை மாதம் மூளி ஒன்பது குட்டி போட்டது. ஒன்பதும் தேறின. கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அருள்தாஸ் மெழுகுவத்தி கட்டோடு வந்து நின்றார்.

குட்டிகள் பால் மறந்து, ஊசியும் போட்ட பிறகு, சிட்டம்மாள் மற்ற ஆறு காலனிக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். அம்முலுவுக்கு மட்டும் இரண்டு.

"இந்தாடி என் கூறு. இது ஓடும், கெட்டியா புடிச்சிக்கோ."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒன்று ஓடியது. அம்முலு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்த, காலனியே கைதட்டிச் சிரித்தது.

1983இல் சுகுமாருக்கு வந்தவாசிப் பக்கம் மாற்றலானது. அதுவரை அந்த ஏழு ஊருக்குள் அந்தக் காய்ச்சல் திரும்ப நுழையவில்லை. சொல்லிக்கொண்டு போக வந்தவர், "சிட்டம்மாக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க," என்றார். அவர் கொண்டுவந்து கொடுத்தார். சுகுமார் சட்டை நனையக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சிட்டம்மாள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார். பஸ் வரை கூடவே வந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போற ஊர்லயும் பன்னி வெச்சிக்கினு நம்ப மாதிரி ஜனங்க இருப்பாங்க சார். சீக்கு வந்தா அவங்கள வையாதீங்க. யார் யார் வூட்டுக்குக் கூறு அனுப்பினீங்கன்னு மட்டும் கேளுங்க. அழுவாங்க. அழுது முடிக்கட்டும். அப்பால பாருங்க, அவங்கள விட உங்களுக்கு வேற ஆள் வேணாம்."