இங்கிலாந்து வேட்பாளருக்கு ஒரு மனு

செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் பதினாறு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மடக்கு மேஜை, மேலே ஒரு புங்கமரம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசு சான்று, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை அடைத்துவிட்டான் என்ற புகார், எதுவானாலும் எழுதித் தருவேன். என் கையெழுத்து அழகாக இருக்காது. ஆனால் படித்தால் அழுகை வரும். அதுதான் இந்தத் தொழில்.

மனுவுக்கு ஒரு முறை இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், அதற்குப் பிறகு கஷ்டம். கஷ்டத்தை உள்ளபடி எழுதினால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். கால்வலி என்றால் படுத்த படுக்கை என்று எழுத வேண்டும். கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது என்றால் பட்டினி என்று எழுத வேண்டும். கடைசியில், ‘தாங்கள் கருணை காட்டாவிட்டால் குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை’ என்று முடிக்க வேண்டும். அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதி வாங்கிப் போனவர்கள் மனுவைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு, வல்லத்துக்கும் தொண்டூருக்கும் பஸ் ஏறிப் போனார்கள். ஆபீசிலும் யாரும் பதறவில்லை. யாராவது படித்தால்தானே பதறுவதற்கு.

அந்த வரிதான் என் பெண்டாட்டியின் வேலையைத் தின்றது. எழுதியது நான்.

அவள் நர்ஸ். எங்கள் காலனியில் முதலில் நர்ஸ் படித்தவள். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, சம்பளத்தைப் பிச்சை போடுகிற மாதிரி போட்டார்கள். அப்போதுதான் ஒரு ஏஜென்ட் வந்தான். இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது, வயசானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாத்திரை கொடுக்க வேண்டும் என்றான். “மேடம் மொதல்ல போவட்டும் சார். மூணு மாசத்துல நீங்களும் பாப்பாவும் பின்னாலயே போயிடலாம்” என்றான். பாப்பா என்றால் எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயசு.

ஏஜென்ட் ஒன்றை மறைத்துவிட்டான். அவள் விண்ணப்பம் போவதற்குச் சில நாள் முன்னால்தான் அந்த நாட்டில் விதியை மாற்றியிருந்தார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இனிமேல் புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொள்ளக் கூடாது. அவள் அங்கே போய் இறங்கிய பிறகு, கூட வேலை பார்க்கும் மலையாளி அக்கா ஒருத்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் இங்கேயும் தேர்தல், அங்கேயும் தேர்தல். இங்கே பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடுதான் விமானம் ஏறினாள். போய் ஒரு மாசம் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள்.

“இன்னாங்க, எனக்கு இங்கயும் ஓட்டு இருக்குதாம்.”

“உனக்கு இன்னாத்துக்கு அங்க ஓட்டு?”

“காமன்வெல்த் நாட்டுக்காரங்க இங்க இருந்தா போடலாமாம். அக்காதான் பேரு சேத்து வுட்டாங்க.”

“ஓட்டுக்கு எவ்ளோ குடுப்பானுங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாம்.”

“அப்புறம் அது இன்னா தேர்தலு?”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டை யார் ஆள வேண்டும் என்று அவள் சொல்லலாமாம். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். இதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது?

அதற்குப் பிறகு தினமும் தேர்தல் கதைதான். அந்த இல்லத்தில் கிழவர்களுக்கு வேறு பேச்சே இல்லையாம். முன்னாள் பஸ் டிரைவர் ஒருவர். இவள்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றிவிடுவாள். ஐரோப்பாவை விட்டு வெளியே வரவேண்டும் என்று ஓட்டுப் போட்டவர் அவர். வெளியாட்கள் கூட்டம் தாங்கவில்லை என்பதற்காக. வெளியே வந்தார்கள். அங்கே வேலை பார்த்த போலந்துக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கிழவருக்கு மூத்திரத் துணி மாற்ற ஆளில்லை. அதனால் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனதும் மறுபடியும் கூட்டம் அதிகமாகிவிட்டதாம்.

“உன்ன சொல்லலம்மா, நீ நல்லவ, மத்தவங்கள சொல்றேன்னு சொல்றாருங்க.”

அந்த வார்த்தை எனக்குப் புதுசு இல்லை. ‘உன்னச் சொல்லலப்பா, நீ படிச்சவன், உங்காளுங்களச் சொல்றேன்’ என்று செஞ்சியிலேயே எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்க விமானம் ஏறிப் போக வேண்டியதில்லை.

இன்னொருத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா. அந்த அம்மாவுக்குப் பயம் வேறு. ஒரு கட்சிக்காரர்கள், ஜெயித்தால், ஐரோப்பாவை விட்டு வந்த பிறகும் மிச்சமிருந்த மனித உரிமை ஒப்பந்தத்தை விட்டே வெளியேறலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த அம்மாவின் புருஷனுக்கு ஞாபகம் போய்விட்டது. இரண்டு பேரையும் இரண்டு ஊரில் வேறு வேறு இல்லத்தில் போடப் பார்த்தார்கள். குடும்பமாக இருப்பது மனுஷனின் உரிமை, பிரிக்க முடியாது என்று அந்த ஒப்பந்தத்தைக் காட்டி யாரோ வாதாடித்தான் ஒரே அறை கிடைத்ததாம். அதைக் கிழித்துப் போட்டால் எங்கள் கதி என்ன என்று தினமும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு புலம்புமாம்.

மனித உரிமை என்றால் எங்கள் ஊரில் கார் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். மாநிலத் தலைவர், மாவட்டச் செயலாளர் என்று அட்டை அடித்து வைத்துக்கொண்டு, போலீஸ் தங்கள் வண்டியைப் பிடிக்காமல் இருக்க உதவுகிற சமாச்சாரம். அவர்களுக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் நான் நம்பவில்லை. அவள் நம்பினாள்.

“அவங்களுக்கு ஒரே ரூம் குடுத்தாங்க இல்ல? அதே உரிமை நமக்கும் இருக்கணும் இல்ல? டீச்சரம்மா சொல்லுது, வேட்பாளருக்கு ஒரு லெட்டர் குடு, அவன் ஜெயிச்சா கேக்கட்டும்னு. நீ எழுதேன். நாலே வரி போதும். குழந்தை அங்க இருக்குது, நான் இங்க இருக்கறேன், விதிய மாத்துங்க. அவ்ளோதான்.”

நாலு வரி. பதினாறு வருஷம் மனு எழுதினவனிடம் நாலு வரி கேட்கிறாள். நாலு வரியில் யார் மனம் இரங்கும்?

இரண்டு பக்கம் எழுதினேன். முறைப்படி எழுதினேன். தாய் போன நாள் முதல் குழந்தை அன்னம் தண்ணி தொடவில்லை என்று எழுதினேன். அந்த நேரம் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தினமும் காய்ச்சல் என்று எழுதினேன். தாய் இரவும் பகலும் அழுது புத்தி பேதலித்த நிலையில் வேலை செய்கிறாள் என்று எழுதினேன். கடைசியில் அந்த வரி. குழந்தையோடு உயிரை மாய்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் மாற்றினேன். இங்கிலீஷில் அந்த வரி இன்னும் நன்றாக வந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. போனில் அனுப்பினேன்.

அவள் அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முதல் பக்கம் பாதி படித்தாளாம். “நீ எழுதுனா சரியாதான் இருக்கும்னு பிரிண்ட் எடுத்து கவர்ல போட்டுட்டேன்” என்று பிறகு சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இங்கே ஓட்டுக் கேட்க வருகிறவன் ஜீப்பில் வருவான், மேளம் வரும், பட்டாசு வரும். ஆரத்தித் தட்டோடு நிற்கிறவர்கள் நடுவில் புகுந்து அவன் கையில் மனுவைத் திணிக்க வேண்டும். அவன் வாங்கிப் பின்னால் நிற்பவனிடம் கொடுப்பான். அது ஜீப்பின் சீட்டுக்கு அடியில் போகும். அங்கே அந்த வேட்பாளர் நடந்தே வந்து இவள் தங்கியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினானாம். கூட ஒரே ஒரு பெண், கையில் பேர் பட்டியல். இவள் இரண்டு கையாலும் கவரைக் கொடுத்தாள். ‘கட்டாயம் படிக்கிறேன்’ என்றானாம்.

படித்துவிட்டான். பாவி, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டான்.

மறுநாள் அந்த இல்லத்துக்கு ஒரு பெண் போலீசும், மனநலம் பார்க்கிற ஒரு அம்மாவும் வந்தார்கள். முதலாளி முன்னாலேயே இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். தண்ணீர் கொடுத்தார்களாம். மொழி புரியாமல் போய்விடக் கூடாது என்று போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் பிடித்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் இங்கிலீஷில் எழுதியதை அவர் தமிழில் அவளுக்கே வாசித்துக் காட்டினார். கடைசி வரியை அவள் முதல்முதலாகக் கேட்டது அந்த ஆள் வாயால்தான்.

“அக்கா, பிள்ளையோட சாகப் போறன் எண்டு எழுதிக் கிடக்கு. இது உண்மையே?”

“ஐயோ இல்லைங்க. எங்க ஊட்டுக்காரரு மனு எழுதறவரு. எல்லாருக்கும் இப்படிதான் எழுதுவாரு. எங்க ஊர்ல இது வழக்கங்க.”

“ஊரில எல்லாரும் இப்பிடியே எழுதுறவை?”

“ஆமாங்க.”

“இதை நான் இவைக்கு எப்பிடியக்கா விளங்கப்படுத்துறது?” என்றாராம்.

விளங்கவில்லை. குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இவள் எனக்கு வீடியோ கால் போட்டாள். நான் தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்து வண்டியில் பறந்து வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் காட்டினேன். வாயில் ஐஸ், உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் எழுதியது பொய்யா என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் பொய் சொன்னவள். இல்லை என்றால் புத்தி பேதலித்தவள். இரண்டில் எதுவாக இருந்தாலும் முதலாளிக்கு ஒன்றுதான். படுத்துக் கிடக்கிற கிழவர்களை இப்படிப்பட்டவளிடம் எப்படி விடுவது என்றான். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தி வைத்தான். எங்களைப் போல நிறையப் பேரை வரவழைத்ததில் ஆள் மிச்சமாகியிருந்தது, ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கொடுத்தேன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அன்று சாயங்காலம் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“இனிமே எனக்காக எதுவும் எழுதாத.”

தேர்தல் நாளன்று போய் ஓட்டுப் போட்டாளாம். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில், சீட்டில், பென்சிலால். கூட்டம் இல்லை, விரலுக்கு மை இல்லை. நம் ஊர் மை அவள் நகத்தில் பாதி தூரம் ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அங்கே இருந்த ஒருவர் அடிபட்டுவிட்டதா என்று கேட்டாராம்.

யாருக்குப் போட்டாய் என்றேன். அவனுக்குத்தான் என்றாள். “பாவம், அவன் நல்லதுன்னு நெனச்சிதானே பண்ணான்.”

அவன் ஜெயித்தான். ஆட்சியும் மாறியது. ஒப்பந்தத்தை விட்டு வெளியேறும் பேச்சு இப்போதைக்கு அடங்கியது என்று டீச்சரம்மா இவளைப் போனில் கூப்பிட்டு அழுததாம், சந்தோஷத்தில். குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. புதிதாக வந்தவர்களும் அதில் கை வைக்கவில்லை. பிறகு அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

தேர்தல் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஜெயித்தவனிடமிருந்து பதில் வந்தது. படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தங்கள் கவலையை மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன், எனினும் தற்போதைய விதிகளின்படி இதற்கு இடமில்லை. ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது’ என்று எங்கள் ஆபீசிலிருந்து வருவதைக் காலமெல்லாம் ஜனங்களுக்குப் படித்துக் காட்டியவன் நான். இதைப் படிக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. தாள்தான் கொஞ்சம் நல்ல தாள்.

அவள் விசாவே அந்த வேலையின் பேரில்தான். முதலாளி அவள் பேரை நீக்கி அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். அறுபது நாளுக்குள் வேறு வேலை தேடு, இல்லாவிட்டால் கிளம்பு என்று அரசாங்கக் கடிதம் வந்தபோது அங்கே குளிர்காலம். அதுவரை மலையாளி அக்கா அறையில் தரையில் படுத்திருந்தாள். வேலை கேட்டு ஏறி இறங்கிய இடத்தில் எல்லாம், முந்தின வேலையிலிருந்து ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்கு நாலு வரியில் பதில் கிடையாது.

வந்துவிட்டாள். மனுவில் பொருள் என்ற இடத்தில் நான் எழுதியது, ‘பிரிந்த குடும்பம் ஒன்றுசேர ஆவன செய்யக் கோருதல்.’ ஆவன செய்துவிட்டார்கள். பழைய ஆஸ்பத்திரியிலேயே மறுபடியும் நிற்கிறாள், முன்னால் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. என்னோடு சண்டை போடுவதில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறாள்.

போன வாரம் அவளே எனக்குச் சோறு கொண்டுவந்தாள். அப்போது சிங்கவரத்து அம்மா ஒருத்தி மேஜைக்கு எதிரில் நின்றிருந்தாள். புருஷன் செத்து ஒரு வருஷமாகியும் விதவை பென்ஷன் வரவில்லை. எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

“இன்னா சார், அந்தக் கடைசி வரிய காணோம்? என் நாத்தனாருக்குப் போட்டியே. எனக்கு மட்டும் இன்னா கொறச்சலு?”

நான் என் பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் டிபன் கேரியரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எழுதிக் குடு,” என்றாள். “இங்க எவன் படிக்கப் போறான்.”

எழுதிக் கொடுத்தேன்.