நாற்பத்திரண்டாவது ஆள்

அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எட்டாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டேன். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூசுவேன். விவரம் தெரிந்தவர்கள் தங்கள் பக்தி அனுபவங்களை எழுதும் இந்த இடத்தில் நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

என் கணவர் டெய்லர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். கை கால் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. எங்கே இருக்கிறோம் என்பது சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. ஆனால் நான் சொல்வதைக் குழந்தை மாதிரி அப்படியே செய்வார்.

அன்றிலிருந்து நான் சாமியிடம் எதுவும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், அதோடு சரி. மனம் விட்டுப்போயிருந்தது.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனியில் தஞ்சாவூருக்கு டூர் போனோம். சாமி கும்பிட என்று நான் போகவில்லை. பெரிய கோயிலைச் சுற்றிப் பார்க்கலாம், நாலு போட்டோ எடுக்கலாம், அவருக்கும் வெளிக்காற்று பட்ட மாதிரி இருக்கும் என்றுதான் போனேன். எங்கள் பக்கம் டூர் போனால் எல்லோரும் ஒரே நிறத்தில் டீ-சர்ட் போடுவது வழக்கம். ஏற்றுமதிக்கு ஆகாமல் தங்கிப்போன சரக்கிலிருந்து கம்பெனியே கொடுத்துவிடும். எங்களுக்கு மஞ்சள். நெஞ்சில் ஒரு படகுப் படம். படகின் பாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அச்சாகியிருக்கும். அதனால்தான் அந்தச் சரக்கே கழிந்தது. துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் அதைக் கழித்ததே நான்தான். பெண்கள் சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டோம். என் கணவருக்கும் ஒன்று போட்டுவிட்டேன்.

"ஏனுங்க, கூட்டத்துல நான் கண்ணுக்குப் படலீன்னா பயந்துக்காதீங்க. மஞ்சச் சட்டை பின்னாலயே போயிருங்க" என்று பஸ்ஸிலேயே அவரிடம் இரண்டு முறை சொல்லிவைத்தேன்.

கோயிலுக்குள் கால் வைத்ததும் அந்த விமானத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். நந்திக்குப் பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் செல்வி அக்கா, "அடியே, அண்ணாந்தே நிக்காத, கழுத்து சுளுக்கிக்கும். இந்தா, என்னைய ஒரு போட்டோ புடி, நந்தி தெரியோணும். ரெண்டுல யாரு பெருசுன்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டே எடுத்தேன். திரும்பினேன். என் கணவரைக் காணவில்லை.

எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓடித் தேடினார்கள். அம்மன் சன்னதி, முருகன் சன்னதி, லிங்கங்கள் வரிசையாக இருக்கும் சுற்று மண்டபம், எங்கும் இல்லை. வாசலில் இருந்த காவலரிடம் சொன்னோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வாரா என்று கேட்டார். மாட்டார் என்றேன். என் கணவரின் செருப்பு கொடுத்த இடத்திலேயே இருந்ததால், வெறுங்காலோடு எங்கே போவார், உள்ளேதான் இருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் உள்ளேயே தேடினோம்.

பேசத் தெரியாதவர். பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட நான் எழுதிவைக்கவில்லை. யாராவது சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கத் தெரியாது. அப்படியே நடந்து நடந்து எந்த ஊரிலோ போய் விழுந்துவிடுவார். சுற்று மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். "பெருவுடையாரே, நான் வேடிக்கை பார்க்க வந்தவள். உன்னைக் கும்பிடக்கூட இல்லை. அந்தக் கோபத்தை அவர் மேல் காட்டாதே. அவர் பேச்சைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. அவரைத் தா. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லு, செய்கிறேன்" என்று வாய்விட்டு அழுதேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுந்து வாசலுக்கு நடந்தேன். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அதே முதுகு, அதே நரைத்த தலை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். திரும்பியவர் வேறு ஆள்.

மற்ற நாளாக இருந்தால் வெட்கத்தில் ஓடியிருப்பேன். அன்று கால் நகரவில்லை. அவர் நெஞ்சில் அதே படகு. அதே இழுத்துக்கொண்ட பாய்.

"ஏனுங்க, இந்தச் சட்டை உங்களுக்கு எங்க கெடச்சுதுங்க?"

"நானே பஸ்ஸ உட்டுட்டு உக்காந்திருக்கறன். இப்பப் போயி சட்டைக் கதை கேக்கறீங்களேம்மா!"

"கோவிச்சுக்காதீங்க. எந்த ஊருங்க நீங்க?"

"பெருமாநல்லூருங்க. சந்தையில, கம்பெனியில கழிச்ச சரக்கு விக்கற செகண்ட்ஸ் கடையில மொத்தமா வாங்குன சட்டைங்க இது. போன் பஸ்ல கெடக்குது. நாப்பத்திரண்டு பேர எண்ணித்தான் வண்டிய எடுப்பானுங்க. நானில்லாம எப்படீங்க நாப்பத்திரண்டு வந்துச்சு? அதான் எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கணவர் என் சொல்லைத் தட்டவில்லை. இவர்களுடைய மஞ்சள் சட்டைகளின் பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

"நாப்பத்திரண்டாவது ஆளு எங்க ஊட்டுக்காரருங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பெருமாநல்லூர்க்காரருக்கு மனப்பாடமாக இருந்தது அவருடைய சொந்த நம்பர் ஒன்றுதான். என் போனில் அதையே அடித்தோம். மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள்.

"டேய், நாந்தாண்டா!"

"நீ பின்சீட்டுல தூங்கிட்டிருக்கறயே, அப்புறம் எங்கிருந்துடா பேசற?"

"பின்சீட்டுல தூங்கறவன் மூஞ்சியப் பாருடா, எருமை!"

அந்த ஆள் பின்சீட்டுக்கு நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அடக் கெரகமே, இது யாருடா?" என்றது அந்தக் குரல்.

நான் போனை வாங்கிக்கொண்டேன். "அண்ணா, அவருக்குப் பேச்சு வராதுங்க. வெரட்டிக் கேக்காதீங்க, பயந்துக்குவாரு. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

பஸ் கும்பகோணம் ரோட்டில் அய்யம்பேட்டை வரை போயிருந்தது. திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் முறுக்கோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் சுற்றியிருந்த மஞ்சள் சட்டைகளை விரலால் காட்டினார். நீ சொன்ன மாதிரிதானே செய்தேன் என்பது போல இருந்தது அந்த முகம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். இரண்டு பஸ் ஆட்களும் கை தட்டினார்கள். "இப்ப எந்த மஞ்ச எந்த பஸ்ஸுன்னு ஆரு பிரிக்கறது? எல்லாரும் மூஞ்சியக் காட்டி ஏறுங்கப்பா!" என்று செல்வி அக்கா சொல்ல, கோயில் வாசலே சிரித்தது.

நடை சாத்துவதற்குள் அவரை உள்ளே கூட்டிப்போனேன். அந்தப் பெரிய லிங்கத்துக்கு முன்னால் இருவரும் நின்றோம். அவரும் கை கூப்பினார்.

தற்செயல் என்று சிலர் சொல்லலாம். எத்தனையோ ஆயிரம் பேர் வரும் இடத்தில், அந்த ஒரு மனிதரை பஸ்ஸைத் தவறவிடச் செய்து, நான் எழுந்து வந்த வழியிலேயே உட்காரவைத்தது யார்? கேள் என்று என் வாயைத் திறந்தது யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் நான் பேசுகிறேன். மருத்துவமனையில் டாக்டரிடம் நின்று விவரம் கேட்கிறேன். தினமும் விளக்கேற்றிவிட்டுச் சாமியிடமும் கேட்கிறேன். என்னைப் போல மனம் வெறுத்துக் கேட்பதையே நிறுத்திவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு முறை வாய்விட்டுக் கேளுங்கள். கும்பிடாமல் வேடிக்கை பார்க்க வந்தவளுக்கே கொடுத்தவர், உங்களுக்குக் கொடுக்க மாட்டாரா?

டூர் போய்வந்த மறுநாள் திங்கட்கிழமை. அவர் நன்றாகத் தூங்கி ஏழு மணிக்கு எழுந்தார். மூன்று இட்லி சாப்பிட்டார். நான் எட்டரைக்கு வேலைக்குப் போனேன்.