ஒருத்தரும் பாவிக்காத கணினி

"ஒருத்தரும் பாவிப்பதில்லை." இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒஸ்லோவின் புருசெத்தில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்தபோது, நோர்வேஜிய மொழியில் இப்படி ஒரு தாளில் எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுத்தவன் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட மாட்டேன்.

அறையில் ஐந்து கணினிகள். நான்கில் விண்டோஸ். ஐந்தாவது கிழடு, புதிய விண்டோஸைத் தாங்காது என்பதால் பென்குயின் படம் போட்ட லினக்ஸை நானே அதில் ஏற்றியிருந்தேன். இந்த இரண்டில் எது உசத்தி என்று அப்போது என் வயதுப் பெடியள் அடிபடாத குறை. நான் லினக்ஸ் கட்சி. எல்லாம் வாய்ச்சவடால்தான்! விளையாட்டுகள் ஓடியது விண்டோஸில்; அதற்கு வரிசையில் முதல் ஆளாக நின்றவனும் நான்தான். ஐந்தாவது இடத்துக்கும் புதிய விண்டோஸ் கணினி வந்தால் காத்திருக்கத் தேவையில்லை. கிழட்டை யார் பாவிக்கிறார்கள் என்று குழு கேட்டதும் கை கூசாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பச்சைப் பொய். மூன்றாம் மாடி அக்கா பாவித்தார். மட்டக்களப்புக்காரர், முதியோர் இல்லமொன்றில் சலவை வேலை. ஒன்பது வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவளை இங்கே கூப்பிடும் அலுவல் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. மகள் ஊரில் ஒரு கணினிக் கடையிலிருந்து பாமினி எழுத்துருவில் மின்னஞ்சல் அடிப்பாள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வராது. ஆங்கில எழுத்துகள்தான் கன்னாபின்னாவென்று வரும். விண்டோஸ் நான்கையும் பராமரிப்புக்காரர் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். ஓர் எழுத்துருவைக்கூடப் போட விடமாட்டார். அது விண்டோஸின் குற்றமில்லை, பூட்டின் குற்றம். கிழட்டு லினக்ஸுக்குப் பூட்டுமில்லை, கேட்பாருமில்லை. அக்கா கேட்டார், போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் வந்து, விசை விசையாகத் தேடி மகளுக்குப் பதில் அடிப்பார். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அப்படி எழுதினேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கணினியை அகற்றும் விடயம் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. நான் எழுதிய வரியோடு ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலை வாசித்த அக்கா, படியில் என்னை மறித்தார்.

"தம்பி, ஒருத்தரும் பாவிக்கிறேல்லையாம். அப்ப நான் ஆர்?"

"இல்லை அக்கா, அது வந்து..." என்று இழுத்தேன். "வேணுமெண்டா கூட்டத்தில உங்களுக்காக நான் கதைக்கிறன்."

"நீ கதைச்சது காணும். நான் கதைக்கிறன்."

கூட்டத்தில் தலைவர் என் தாளை வாசித்தார். நல்ல மனிதர்தான். எல்லா வேலையையும் மற்ற நான்கிலும் செய்யலாமே என்றார். அக்கா எழுந்தார். வேலைச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. நேரே முன்னால் போய் ஒரு தாளை நீட்டினார். மகளின் கடிதத்தை விண்டோஸ் கணினியில் திறந்து அச்சடித்திருந்தார்.

"முதல் சொல்லை வாசியுங்கள்" என்றார், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். mk;kh என்று இருந்தது. "எம்... கோ..." என்று நோர்வேஜிய எழுத்துகளாகக் கூட்டியவர் அரைப்புள்ளியில் முட்டுப்பட்டு நின்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அக்கா இரண்டாவது தாளை அதன் பக்கத்தில் வைத்தார். அதே கடிதம், லினக்ஸில் அச்சடித்தது. முதல் சொல்லின் கீழே விரலை வைத்தார்.

"இது 'அம்மா'. என் மகள் என்னைக் கூப்பிடுகிறாள். அந்த நான்கிலும் அவளால் கூப்பிட முடியாது."

தலைவருக்கு முகம் சிவந்தது. வேண்டுமானால் அந்தக் கணினியை வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றார். இரக்கத்தில் சொன்னதுதான். அக்கா அசையவில்லை.

"வேண்டாம். அறை எல்லோருக்கும் என்று கதவில் எழுதியிருக்கிறது. நானும் எல்லோரில் ஒருத்தி."

அதற்கு மேல் என்னால் குந்தியிருக்க முடியவில்லை. எழுந்து, தாளில் எழுதியது பொய், எழுதியவன் நான் என்றேன். வாக்கெடுப்பில் உயர்ந்த கைகளை எண்ணத் தேவைப்படவில்லை. கணினி இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது எந்தக் கைபேசியிலும் தமிழ் ஓடி வருகிறது. அது ஒருத்தரும் கேட்காமல் தானாக வந்ததென்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"உன்ர மன்னிப்பை நீயே வச்சிரு. சனிக்கிழமை நேரத்துக்கு வந்து கதவைத் திற. பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்."