துரை பங்களாவின் பின்கதவு

சோறாக்கும் குசினியைத்தான் மியூசியம் என்று முழு மனதோடு நம்பினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்கள். தொழிலாளர் லயத்தில் பிறந்து, முன்வாசல் துரைமாருக்கு மட்டுந்தான் என்று கேட்டு வளர்ந்த என் கால்கள் பங்களாவைக் கண்டதும் தாமாகவே பின்பக்கம் போய்விடுகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மியையும் விறகடுப்பையும் பார்வையிடுகிறேன். அந்தக் காலத்து அடுப்பு, புகையைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்களே!

"யாருங்க அது?"

கரண்டியோடு ஓர் அம்மா நிற்கிறார். ஐம்பது வயதில் களவு கேஸா? அடையாள அட்டையைத் தேடி, இல்லாத பையையெல்லாம் தடவுகிறேன்.

"மியூசியம் பாக்க வந்தேங்க..."

"அது முன்னுக்குங்க. இது காவலுக்கு நிக்கிற வாச்சர்மாருக்குச் சோறாக்குற எடம்." சிரிப்பில் அவருக்குப் புரையேறுகிறது. "தோட்டத்து ஆளுதானே? நம்மாளுங்க எல்லாம் இப்படித்தான் வர்றாங்க. இந்தக் கிழமைக்கு நீங்க மூணாவது."

"நீங்க பாத்துட்டீங்களா?"

"எங்கங்க? இருவது வருசமா எனக்கு இந்தக் கதவுதான்." கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைக்கிறார். "சரி வாங்க, போவோம்."

பங்களாவைச் சுற்றி வந்து, இருவரும் முன்வாசலால் உள்ளே போகிறோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை.